ஒன்றரை ஷிப்டின் கணக்கு: பின்னலாடை ஆலை ஒன்றின் கூடுதல் நேர வேலை குறித்த நிகழ்வு ஆய்வு

திருப்பூர் மாவட்டத்தில் ஏற்றுமதிக்காகப் பின்னலாடை தைக்கும் ஆலை ஒன்றில் 2018 அக்டோபர் முதல் 2019 ஆகஸ்ட் வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். தொழிலாளர் தரப்பில் சட்ட உதவி செய்தவன் என்ற முறையில் இந்த நிகழ்வின் பெரும்பகுதியில் நானும் உடனிருந்தேன். ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. யாரையும் அடையாளம் காண முடியாதபடியும் கணக்கு எளிதில் விளங்கும்படியும் கூலித் தொகைகள் முழு எண்களாக மாற்றப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையிலான விகிதம் மாறவில்லை.

பின்னணி

ஆலையில் 142 பேர் வேலை செய்தனர். தையல் பிரிவில் இருந்த 96 பேரில் 88 பேர் பெண்கள். சிங்கர், ஓவர்லாக், ஃபிளாட்லாக் என மூன்று வகை எந்திரங்களில் தைப்பவர்களும், அவர்களுக்குத் துணியை எடுத்துக் கொடுத்து அடுக்கும் கைமடிகளும், பிசிறு வெட்டுபவர்களும் இதில் அடங்குவர். ஒடிசாவிலிருந்து வந்த 31 பேர் ஆலை நடத்திய விடுதியிலேயே தங்கியிருந்தனர். மற்றவர்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆலையின் வேன்கள் அழைத்து வந்தன. சம்பளம் சனிக்கிழமைதோறும் கொடுக்கப்பட்டது.

இந்த வட்டாரத்துப் பனியன் தொழிலில் கூலியை நாளாகவோ மணியாகவோ யாரும் பேசுவதில்லை. ஷிப்டு என்றுதான் பேசுவார்கள். 8 மணி நேரம் ஒரு ஷிப்டு. அதற்கு மேல் இன்னும் 4 மணி நேரம் தைத்தால் அரை ஷிப்டு கூடும். காலை முதல் இரவு வரை நின்றவர் 'ஒன்றரை போட்டேன்' என்பார். இந்தச் சொல் காதுக்கு இயல்பாகிப் போனதால், அந்த அரைக்குள் இருப்பது சட்டப்படி இரட்டைக் கூலி தர வேண்டிய கூடுதல் நேரம் என்பது அந்த ஆலையில் யாருக்கும் உறைக்கவில்லை. எட்டு ஆண்டு அங்கேயே தைத்த ஒருவர் என்னிடம், 'ஓ.டி.ங்கறது மில்லுலதானுங்களே, நம்மளுக்கு ஒன்றரைதானுங்க' என்றார்.

2018 அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஏற்றுமதி வேலை நெருக்கடி தொடங்கியதும் வேலை நேரம் இப்படி அமைந்தது. காலை 8.30-க்குத் தொடங்கி 12.30 வரை, ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை, பின் 1.30 முதல் இரவு 9.30 வரை. மாலையில் எந்திரத்தின் அருகிலேயே நின்று தேநீர் குடிக்கக் கால் மணி நேரம் விடுவார்கள். இடைவேளை என்று சொல்ல அவ்வளவுதான். வாரத்துக்கு 6 நாளும் இந்த நிலை நீடித்தது. சில ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை நடந்தது.

டிசம்பரில் நடந்த விபத்து

2018 டிசம்பர் மூன்றாம் வாரத்தில், இரவு 9 மணி கடந்து சில நிமிடங்களில், ஓவர்லாக் எந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்த 34 வயதுப் பெண்ணின் இடது ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கி முறிந்தது. முறிந்த துண்டு எலும்பை ஒட்டி நின்றுவிட்டது. ஆலையின் வேனிலேயே தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கட்டுப் போட்டு, இரவு 11 மணிக்கு வீட்டில் விட்டார்கள். மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, விபத்து காலை 9 மணிக்கு நடந்ததாக எழுதியிருந்த இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விபத்து அறிக்கையில் கையெழுத்துக் கேட்டார்.

காலை 9 மணி என்று எழுதியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆலையின் கைரேகை வருகைப் பதிவின்படி அந்தப் பெண் மாலை 5.30-க்கே வேலை முடித்து வெளியேறிவிட்டார். உண்மையில் நாள்தோறும் 5.30-க்கு மணி அடித்ததும் எல்லோரும் வரிசையில் வந்து கருவியில் விரல் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி எந்திரத்துக்குச் செல்வார்கள். 'விரல வச்சுட்டு வந்துருங்கக்கா, பீஸ் நிக்குது' என்று மேற்பார்வையாளர் அழைப்பது அங்கே அன்றாடப் பேச்சு. வெளிநாட்டுக் கொள்முதலாளரின் தணிக்கையாளர்கள் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். 5.30-க்குப் பின் நடந்த வேலை துண்டுச் சீட்டில் தனியாகக் குறிக்கப்பட்டு, சனிக்கிழமை உறையில் ரொக்கமாக வந்தது.

பதிவேட்டின்படி அந்தப் பெண் இரவு 9 மணிக்கு ஆலையில் இல்லை. ஆலையில் இல்லாதவருக்கு அங்கே விபத்து நேர முடியாது. அவர் எங்களிடம் கேட்டது கூலியைப் பற்றி அல்ல. இப்படிக் கையெழுத்துப் போட்டால் பின்னால் ஏதாவது வில்லங்கம் வருமா என்றுதான். இந்த நிகழ்வு தொடங்கியது அந்தக் கேள்வியில்.

முதல் முடிவும் அதன் காரணமும்

பொய்யான நேரத்துக்குக் கையெழுத்திட வேண்டாம் என்று அறிவுறுத்தினோம். பணியிட விபத்துக்கு அப்போதைய இ.எஸ்.ஐ. சட்டம் தந்த தற்காலிக ஊனப் பயன் கூலியில் 90 விழுக்காடு. அதைத் தர மறுப்பதற்குரிய காரணங்களில் எளிதானது, அறிக்கையில் சொன்ன நேரமும் மருத்துவச் சீட்டில் உள்ள நேரமும் பொருந்தாமல் போவது. முதலில் பார்த்த மருத்துவமனையின் சீட்டில் இரவு 9.50 என்று அச்சாகியிருந்தது. காலை 9 மணி என்று எழுதிய அறிக்கை அந்தச் சீட்டின் முன் நிற்காது. இன்னொன்று, விரல் நுனியில் நிரந்தரமாக உணர்ச்சி குறைந்துபோனால் அதற்கான கோரிக்கையும் இதே அறிக்கையைச் சார்ந்துதான் எழ வேண்டும்.

அவர் கையெழுத்திடவில்லை. நான்கு நாள் கழித்து, உண்மையான நேரத்தைக் குறிப்பிட்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அவரே கடிதம் எழுதினார். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஊசித் துண்டு எடுக்கப்பட்டது.

கணக்கெடுப்பு

விபத்தைக் கேட்டு வந்த மற்ற பெண்களோடு பேசியபோதுதான் வேலை நேரத்தின் முழு அளவு தெரிந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்திருந்த எல்லைகளை ஒரு தாளின் ஒரு பக்கத்திலும், ஆலையின் நடைமுறையை மறுபக்கத்திலும் எழுதினோம்.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது 51-ஆம் பிரிவு, ஆலையில் 72. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்றது 54-ஆம் பிரிவு, ஆலையில் 12. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு விட வேண்டும் என்றது 55-ஆம் பிரிவு. ஆலையில் பிற்பகல் 1.30 முதல் 9.30 வரை 8 மணி நேரம் அரை மணி ஓய்வு இல்லை. இடைவேளை உட்பட வேலை நாள் பத்தரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்றது 56-ஆம் பிரிவு. ஆலையில் 13 மணி நேரம். ஓர் ஒப்பீட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1922-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வாரத்துக்கு 60 மணி நேரம் என்று வரம்பிட்டிருந்தது. அதற்கும் முன், 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 11 மணி நேரம் உச்ச வரம்பு. 2018-இல் இந்த ஆலையின் பெண்கள் அதையும் தாண்டித் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது கூலி. நாளொன்றுக்கு 9 மணிக்கு மேலோ, வாரத்துக்கு 48 மணிக்கு மேலோ செய்யும் வேலைக்கு வழக்கமான கூலியைப் போல் இரு மடங்கு தர வேண்டும் என்றது 59-ஆம் பிரிவு. வழக்கமான கூலி என்பதில் அடிப்படைச் சம்பளத்தோடு படிகளும் சேர்ந்தன. போனஸும் கூடுதல் நேரக் கூலியும் சேரவில்லை. ஷிப்டுக் கூலி 400 ரூபாய் என்றால் மணிக்கு 50 ரூபாய். நாள் கணக்கில் பார்த்தால் தினமும் 3 மணி, வாரத்துக்கு 18 மணி கூடுதல் நேரம். வாரக் கணக்கில் பார்த்தால் 72-இல் 48 போக 24 மணி. ஒரே மணியை இரண்டு கணக்கிலும் சேர்க்க முடியாது என்பதால் பெரியதான 24-ஐ எடுத்தோம். 48 மணிக்கு 2,400 ரூபாய், 24 மணிக்கு இரட்டை வீதத்தில் 2,400 ரூபாய், ஆக 4,800. ஆலை கொடுத்தது ஆறு ஒன்றரை, அதாவது 3,600. வாரத்துக்கு 1,200 ரூபாய் ஒவ்வொரு பெண்ணுக்கும் குறைந்தது.

இந்தக் கணக்கைச் சொன்னதும் அறையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒருவர், அந்தக் குறையும் சேர்ந்து வந்திருந்தால் இந்த வேலை நேரம் சரியாகிவிட்டிருக்குமா என்று கேட்டார். ஆகியிருக்காது. இரட்டைக் கூலி கொடுத்துவிட்டால் எத்தனை மணி நேரமும் வேலை வாங்கலாம் என்பது பரவலான தவறான எண்ணம். 59-ஆம் பிரிவு கூலியைச் சொன்னது; எல்லையை அது நீக்கவில்லை. எல்லையைத் தளர்த்த 64, 65-ஆம் பிரிவுகளின் கீழ் அரசின் விலக்கு வேண்டியிருந்தது; அந்த விலக்குக்கும் உச்ச வரம்பு இருந்தது. 64-ஆம் பிரிவின்படி விலக்குப் பெற்றாலும் வாரத்துக்குக் கூடுதல் நேரம் உட்பட 60 மணிக்கு மேல் போகக் கூடாது என்றிருந்தது. காலாண்டு ஒன்றில் மொத்தக் கூடுதல் நேரம் 50 மணியைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. இந்த ஆலையில் வெள்ளிக்கிழமை இரவோடு 60 முடிந்துவிடும். காலாண்டின் 50 மணி மூன்றாம் வாரத்தின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். பெண்களைப் பொறுத்தவரை 66-ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பாக இருந்தது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்ற 54-ஆம் பிரிவிலிருந்து பெண்களுக்கு எந்த விலக்கும் தர அது இடம் தரவில்லை. அந்த 88 பேரும் ஒன்பதாவது மணிக்குப் பின் தைத்த எந்த நிமிடமும், எவ்வளவு கூலி கொடுத்தாலும், சட்டத்துக்கு உட்பட்டதாக இல்லை.

சான்று சேர்த்த விதம்

பதிவேடு 5.30-க்கு முடிந்துவிடுவதால் எங்களுக்கு வேறு சான்று வேண்டியிருந்தது. துண்டுச் சீட்டுகளைச் சம்பளம் எண்ணிப் பார்த்ததும் எறிந்துவிடுவது வழக்கம். தேடியதில் மொத்தம் 40-க்கும் குறைவாகவே கிடைத்தன. சமையலறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் ஒருவர் நாள்தோறும் கட்டத்துக்குள் பென்சிலால் 1½ என்றும், வராத நாளில் ஒரு கோடும் குறித்து வைத்திருந்தார். சம்பளத்தைச் சரிபார்க்க அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. அப்படிக் குறித்தவர்கள் 9 பேர் இருந்தார்கள்.

எல்லாவற்றிலும் வலுவாக அமைந்தது வேன் ஓட்டுநர்களின் டிரிப் ஷீட். டீசல் கணக்குக்காக ஆலை வாசலை விட்டுக் கிளம்பிய நேரத்தை அவர்கள் ஒவ்வொரு நடைக்கும் எழுதியிருந்தார்கள், இரவு 9.40, 9.45 என்றே பெரும்பாலும் இருந்தது. அக்டோபரில் தொடங்கிய ஆரம்ப வாரங்களின் தாள்கள் கிடைக்கவில்லை. விடுதியில் தங்கியிருந்தவர்களுக்கு வேனே இல்லை என்பதால் அவர்களின் நேரத்தை இந்தத் தாள்கள் காட்டவில்லை. இந்த இரண்டு குறைகளின் விலையைப் பின்னால் கொடுத்தோம்.

புகார் கொடுக்கலாமா என்ற தயக்கம்

சான்று சேர்ந்துகொண்டிருந்தும், விபத்து நடந்து ஏறத்தாழ ஏழு வாரம் வரை புகார் கொடுக்கவில்லை. பெண்களில் பெரும்பாலோர் நிர்வாகத்திடம் முதலில் பேசிப் பார்க்கலாம் என்றார்கள். ஏற்றுமதி ஆர்டர் கைமாறினால் ஆலையே நின்றுபோகும் என்ற பயம் வெறும் பயமல்ல. அருகில் அப்படி நின்றுபோன ஆலைகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்களின் தயக்கத்தை மதித்தது சரியே என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஏழு வாரம் அதிகம். ஜனவரியில் இரண்டு முறை நடந்த பேச்சில் நிர்வாகம் சொன்ன பதில் ஒன்றுதான்: ஷிப்டுக் கூலி வட்டார ஒப்பந்தப்படி தரப்படுகிறது, அதற்கு மேல் கடமை இல்லை. அப்போது இருந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அச்சட்டம் தந்த உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாகச் செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது. அதை எடுத்துக் காட்டியும் பயனில்லை.

நிர்வாகத்தின் ஆலோசகர் இன்னொரு வாதத்தையும் வைத்தார். பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்ற விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் நீக்கிவிட்டதால் 9.30 வரை வேலை வாங்குவதில் தவறில்லை என்றார். அந்தத் தீர்ப்பு உண்மைதான். ஆனால் பெண்கள் எந்த நேரத்தில் வேலை செய்யலாம் என்பதைப் பற்றிய தீர்ப்பு அது. எத்தனை மணி நேரம் செய்யலாம் என்ற வரம்பை அது தொடவில்லை. இரவு ஷிப்டில் வேலை செய்த பெண்ணுக்கும் வரம்பு 9 மணி நேரமாகத்தான் இருந்தது.

2019 பிப்ரவரி முதல் வாரத்தில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தோம். பெண்களின் தயக்கத்தைப் பெரிதும் குறைத்தது 118-அ பிரிவு. புகார் எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்றது அது. புகாரின் பேரில்தான் ஆய்வுக்கு வந்திருக்கிறார் என்பதையும் நிர்வாகத்திடம் சொல்லக் கூடாது என்றது. அந்த வரிகளைத் தமிழில் படித்துக் காட்டியபோது, அதுவரை ஒதுங்கி நின்ற ஆறு பேர் வாக்குமூலம் எழுதித் தர முன்வந்தார்கள். புகாரில் ஒரு வேண்டுகோளை மட்டும் அழுத்தமாகச் சொன்னோம்: ஆய்வு பகலில் நடந்தால் பதிவேட்டைத்தான் பார்க்க முடியும், மாலை 7 மணிக்குப் பிறகு வர வேண்டும்.

ஆய்வு நடந்த இரவு

பிப்ரவரி கடைசி வாரத்தில் இரவு 7.45-க்கு ஆய்வு நடந்தது. நான் அங்கே இல்லை. உள்ளே இருந்தவர்கள் பின்னர் சொன்னதை எழுதுகிறேன். காவலாளி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னதும் தையல் கூடத்தில் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். அதற்குள் ஆய்வாளர் உள்ளே வந்துவிட்டார். எந்திரங்களின் சிறுவிளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருக்க, 63 பேர் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் பெயரும் வேலைக்கு வந்த நேரமும் கேட்டு எழுதிய பின், வருகைப் பதிவை எடுத்துத் தரச் சொன்னார். அறுபத்து மூன்று பேரும் 5.30-க்கு வெளியேறியதாக அது காட்டியது.

அவர்கள் வேலை செய்யவில்லை, வேனுக்காகக் காத்திருந்தார்கள் என்று நிர்வாகம் சொல்லிப் பார்த்தது. ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே காணப்படுபவர், வேறு விதமாக மெய்ப்பிக்கப்படாதவரை, அந்நேரத்தில் அங்கே வேலையில் இருந்தவராகவே கொள்ளப்படுவார் என்றது 103-ஆம் பிரிவு. வேலை நேரத்தை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கிவிட்டது. எங்களது சான்றுச் சேகரிப்பு முழுவதையும்விட ஆய்வு நடந்த அந்தச் சற்று நேரம் வலுவானது.

விளக்கம் கேட்கும் அறிவிப்புக்குப் பின், 106-ஆம் பிரிவு தந்த மூன்று மாதக் கெடுவுக்குள், ஏப்ரலில் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 92-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமிருந்தது. நிர்வாகம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. அந்த அபராதம் அரசுக்குச் செல்வது. பெண்களின் கைக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. நிலுவைக் கூலிக்குத் தனி வழி தேட வேண்டியிருந்தது.

நிலுவைக் கூலியும் ஒப்பந்தமும்

இரண்டு வழிகள் இருந்தன. ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி ஒவ்வொருவரும் 12 மாதத்துக்குள் மனுச் செய்யலாம். தொழில் தகராறாக எழுப்பித் தொழிலாளர் உதவி ஆணையர் முன் சமரசப் பேச்சு நடத்துவது மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். நிர்வாகம் நேரடியாகப் பேசி முடிக்கலாம் என்று அழைத்தபோது அதை ஏற்காததற்கும் காரணம் உண்டு. அப்போதைய தொழில் தகராறுகள் சட்டத்தின்படி இரு தரப்பும் தங்களுக்குள் செய்யும் ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. சமரச அலுவலர் முன்னிலையில் 12(3)-ஆம் பிரிவின் கீழ் செய்யப்படுவது, சங்கத்தில் சேராதவர்களையும் நாளை புதிதாக வேலைக்கு வருபவர்களையும் உள்ளடக்கியது. ஆட்கள் அடிக்கடி மாறும் பனியன் ஆலையில் இந்த வேறுபாடு பெரிது.

2019 ஜூனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வழக்கமான வேலை வாரத்துக்கு 48 மணி என்றும், நெருக்கடிக் காலத்தில் மட்டும், உரிய விலக்கு பெற்ற பின், நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி 6.30 வரை நடத்தலாம் என்றும் எழுதப்பட்டது. அப்போது நாளுக்கு 9, வாரத்துக்கு 54; கூடுதல் 6 மணிக்கு இரட்டைக் கூலி. காலாண்டுக்கு 50 மணி என்ற வரம்பால் அப்படி 8 வாரங்களுக்கு மேல் நடத்த முடியாது. விரல் வைத்தவர் உடனே வாசலைத் தாண்ட வேண்டும் என்பதையும் தனி விதியாகச் சேர்த்தோம்.

நிலுவையாக, டிரிப் ஷீட் கிடைத்த 14 வாரங்களுக்கு ஆளுக்கு 16,800 ரூபாய் வரை இரண்டு தவணைகளில் தரப்பட்டது. தாள் கிடைக்காத 6 வாரங்களை நிர்வாகம் ஏற்கவில்லை. அவற்றுக்கு 15-ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் தக்க வைத்துக்கொண்டோம். ஆனால் மனுவில் 11 பேரே கையெழுத்திட்டார்கள். விடுதியில் இருந்த 31 பேருக்கு டிரிப் ஷீட் சான்று இல்லை என்று நிர்வாகம் வாதிட்டது. ஆய்வின்போது உட்கார்ந்திருந்த 63 பேரில் அவர்களில் 19 பேர் இருந்ததால் அந்த 19 பேருக்கு மட்டும் கிடைத்தது. மீதி 12 பேரும் அதே கூடத்தில் அதே மணிவரை தைத்தவர்கள்தான்.

விரலில் காயம்பட்ட பெண்ணின் அறிக்கை உண்மையான நேரத்தோடு ஏற்கப்பட்டு, 18 நாட்களுக்கான பயன் வழங்கப்பட்டது.

அதன் பிறகு

ஜூலையிலேயே சங்கடம் தொடங்கியது. 72 மணி தைத்து 3,600 ரூபாய் வாங்கியவர்கள், 54 மணி வாரத்தில் 48 மணிக்கு 2,400-ம் கூடுதல் 6 மணிக்கு 600-ம் ஆக 3,000 ரூபாய் வாங்கினார்கள். நெருக்கடி இல்லாத வாரத்தில் 2,400-தான். மணிக்கு வரும் கூலி உயர்ந்தது. சனிக்கிழமை உறை இளைத்தது. 'நேரம் கிடைச்சுதுங்கண்ணா, வாடகைக்குக் காசு கிடைக்கல' என்று ஒருவர் சொன்னார். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. அவர் உட்பட 11 பெண்கள் ஒன்றரை ஓடும் வேறு ஆலைகளுக்குப் போனார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய விடுதித் தொழிலாளர் சிலர், எங்களால்தான் வருமானம் குறைந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது.

ஆகஸ்டில் ஷிப்டுக் கூலி 400-லிருந்து 440 ஆனது. 54 மணி வாரத்துக்கு 3,300 ரூபாய். பழைய 3,600-ஐ இந்த நேரத்துக்குள் எட்ட ஷிப்டுக்கு 480 ரூபாய் வேண்டும், அது கிடைக்கவில்லை. ஆலையிலேயே தங்கியவர்களில் பலர் மாலை 7 மணிக்கு வீட்டில் இருப்பதை வேறு எதைவிடவும் பெரிதாகச் சொன்னார்கள். சுவரில் 1½ குறித்து வைத்திருந்தவரின் மகள் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார முடிகிறது என்றார்.

அதற்குப் பின் சட்டத்தில் நடந்தவற்றையும் இங்கே குறிக்க வேண்டும். கொரோனா ஊரடங்கின்போது வேலை நேரத்தைக் கூட்டி, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தேவையில்லை என்று குஜராத் அரசு பிறப்பித்த அறிவிக்கைகளை 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் கடும் எதிர்ப்பால் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் நாளுக்கு 8 மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி, கூடுதல் நேரம் வாங்கத் தொழிலாளியின் சம்மதம் ஆகியவை உள்ளன; நாள் கணக்கு, வாரக் கணக்கு இரண்டில் தொழிலாளிக்கு அதிகம் தருவதை எடுக்க வேண்டும் என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. சம்மதம் என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. இந்த ஆலையின் பெண்களிடம் கேட்டிருந்தால் 88 பேரும் ஒன்றரைக்குச் சம்மதம் என்று கையெழுத்திட்டிருப்பார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மிகப் பெரிய தவறு, நேரத்தையும் ஷிப்டுக் கூலியையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டது. ஒன்றரையை ஒன்றாக்கினால் வீட்டுக்கு எவ்வளவு குறையும் என்ற கணக்கை டிசம்பரிலேயே அதே தாளில் எழுதியிருக்க வேண்டும். நிலுவைக் கோரிக்கையோடு 480 ரூபாய்க் கோரிக்கையும் ஒரே மேசையில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆய்வுக்கும் வழக்குக்கும் பின், ஜூன் மாதப் பேச்சில் நிர்வாகம் இறங்கி வர ஆயத்தமாக இருந்தது. ஆகஸ்டில் அந்த அவசரம் அதற்கு இல்லை.

விடுதித் தொழிலாளர்களிடம் நாங்கள் போனது ஜனவரி இறுதியில்தான். அதுவும் ஒடியா தெரிந்த ஒருவர் கிடைத்த பிறகு. முதல் வாரத்திலேயே போயிருந்தால் அவர்களின் நேரத்துக்கும் குறிப்பு இருந்திருக்கும். கோரிக்கையை எப்படி அமைப்பது என்பதில் அவர்கள் குரலும் இருந்திருக்கும். ஏழு வாரத் தயக்கத்தை மூன்றாகக் குறைத்திருக்கலாம். ஓட்டுநர்களின் தாள்கள் மாதக் கடைசியில் கிழிக்கப்படுகின்றன என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் கவனக்குறைவு. ஆறு வாரக் கூலி அதில் போயிற்று.

இப்போது நாங்கள் கொடுக்கும் குறிப்பேடு உள்ளங்கை அளவில் இருக்கிறது. தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டிருக்கிறோம். எந்திரத்தில் உட்கார்ந்த நேரம், சாப்பிடப் போய்த் திரும்பிய நேரம், விரல் வைத்த நேரம், எழுந்த நேரம் என்று நான்கு கட்டங்கள். ஷிப்டு என்ற கட்டம் அதில் இல்லை.